தாள் எத்தனை, ரூபாய் எவ்வளவு: பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் நோட்டு எண்ணும் மெஷின்

மண்டி, புளி வியாபாரம், ஜவுளிக்கடை என்று ரொக்கம் அதிகம் புழங்குகிற இடத்துக்கு நோட்டு எண்ணும் மெஷின் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் கல்லாவில் உட்காருபவள். விடியற்காலையில் வண்டிகள் வந்து கிரேடுகள், அதாவது தக்காளிப் பெட்டிகள், இறங்கத் தொடங்கினால், கடைசி விவசாயி பணம் வாங்கிக்கொண்டு கிளம்பும் வரைக்கும் நோட்டோடுதான் என் பொழுது. முன்பு எங்களிடம் இருந்தது தாள் எண்ணிக்கையை மட்டும் காட்டும் சாதாரண மெஷின். இப்போது இருப்பது, கலந்து வைத்தாலும் எந்த நோட்டு எத்தனை என்று தானே பிரித்தறிந்து மொத்த ரூபாயையும் காட்டும் 'மிக்ஸ் வேல்யூ' மெஷின். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விலை கூடுதலாக இருந்தாலும் இரண்டாவதையே வாங்குங்கள். வேகத்துக்காகச் சொல்லவில்லை. நோட்டைப் பற்றி நாம் வாயால் பேசுகிற பேச்சு அவ்வளவு குழப்பமானது. அதைத் தீர்க்கிற வேலையை இந்த மெஷின் நன்றாகச் செய்கிறது.

"நூறு நோட்டு இருக்கு" என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம்? கையில் ஒரே ஒரு நூறு ரூபாய்த் தாள் இருக்கலாம். நூறு தாள்கள் இருக்கலாம். அந்த நூறு தாளும் ஐந்நூறாக இருந்தால் ஐம்பதாயிரம் ரூபாய். எதிரே நின்று பேசும்போது கையைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். போனில் பேசும்போது அந்த வசதி கிடையாது. பெங்களூரு வியாபாரி டிரைவரிடம் பணம் கொடுத்தனுப்பிவிட்டு, "ஐநூறு இருபது, நூறு அம்பது குடுத்திருக்கேன்" என்பார். இருபது ஐந்நூறும் ஐம்பது நூறும் என்றால் பதினைந்தாயிரம். ஆனால் இந்தப் பக்கம் கேட்பவர் காதில் அது ஐந்நூற்று இருபது, நூற்றைம்பது என்றும் விழும். "ஐநூத்தி இருபது" என்பதற்கும் "ஐநூறு இருபது" என்பதற்கும் நடுவே இருப்பது ஒரு "த்தி" மட்டும்தான். கிரேடு இறக்குகிற சத்தத்திலும் லாரி ஹாரனிலும் முதலில் காணாமல் போவது அதுதான்.

கட்டு என்கிற சொல் இதைவிட மோசம். வங்கியில் கட்டு என்றால் காகிதப் பட்டை போட்ட நூறு தாள். எந்த மதிப்பு நோட்டாக இருந்தாலும் நூறுதான். எங்கள் மண்டியில் ரப்பர் பேண்ட் போட்ட பத்தாயிரம் ரூபாயைக் கட்டு என்பார்கள். நூறு ரூபாய் நோட்டில் இரண்டு கணக்கும் ஒன்றாகவே வரும், நூறு தாள், பத்தாயிரம் ரூபாய். அந்தக் காலத்தில் இதனால் ஒரு சண்டையும் வந்திருக்காது என்று நினைக்கிறேன். இன்று கைமாறுவது பெரும்பாலும் ஐந்நூறு. "ரெண்டு கட்டு ஐநூறு" என்றால் வங்கிக்குப் போய்வருகிறவர் கணக்கில் ஒரு லட்சம். மண்டிக் கணக்கில் இருபதாயிரம். எண்பதாயிரம் வித்தியாசம் இருக்கிற ஒரு வார்த்தையை நாள் முழுக்கச் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை பக்கத்து மக்களில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களும் கன்னடம் பேசுகிறவர்களும் நிறைய. நோட்டு, சில்லறை என்கிற சொற்கள் மூன்று மொழியிலும் கிட்டத்தட்ட ஒன்றே. நூறு கன்னடத்திலும் நூறுதான். அதனால் எல்லாருக்கும் எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். சந்தேகம் வந்தால் ஒருத்தர் கேட்பார். புரிந்துவிட்டது என்று நினைக்கிற இடத்தில் யாரும் கேட்பதில்லை.

சரி, மெஷினுக்கு வருகிறேன்.

பழைய மெஷினில் தாளை வைத்தால் 44 என்று காட்டும், அவ்வளவுதான். ஒரு விவசாயிக்குப் பன்னிரண்டாயிரத்து நானூறு பட்டுவாடா செய்யவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஐந்நூறும் இருபத்துநான்கு நூறும் கொடுப்பேன். முதலில் ஐந்நூறை ஓட்டினால் 20. பிறகு நூறை ஓட்டினால் 24. மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெரியவர் பார்ப்பது இந்த இரண்டு எண்ணைத்தான். "இருபதுன்னா இருபதாயிரமாம்மா?" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்காமல் முகம் சுருங்கி நின்றவர்கள் அதைவிட அதிகம். மூன்று மாதம் தண்ணீர் கட்டி, மருந்தடித்து, ஆள் கூலி கொடுத்து விளைய வைத்த பணம் அது. அதை வாங்கும்போது அவர் மனதில் ஒரு சந்தேகமும் இருக்கக்கூடாது. எனக்கு அது முக்கியம்.

புதிய மெஷினில் இரண்டு கட்டையும் சேர்த்தே வைக்கலாம். திரையில் இரண்டு வரி வரும். மேலே 44, கீழே 12,400. ஒரு பொத்தானை அழுத்தினால் ஐந்நூறு 20, நூறு 24 என்று பிரித்தும் காட்டும். கேபிள் போட்டு வெளிப்பக்கம் திருப்பி வைக்கிற சின்னத் திரை ஒன்று கூடவே வருகிறது. இந்த மெஷினில் நான் அதிகம் மதிக்கிறது அந்தச் சின்னத் திரையைத்தான். எழுத்தெல்லாம் ஆங்கிலச் சுருக்கம். வாசிக்கத் தெரியாதவருக்கு எந்த எண் தாள், எந்த எண் பணம் என்று தெரியாது. அதனால் வெள்ளை ஸ்டிக்கர் வெட்டி, மேல் வரிக்குப் பக்கத்தில் 'தாள்' என்றும் கீழ் வரிக்குப் பக்கத்தில் 'ரூபாய்' என்றும் மார்க்கரால் எழுதி ஒட்டிவைத்தேன். இப்போது வருகிறவர்கள் கீழ் வரியைத் தாங்களே வாசித்துச் சொல்கிறார்கள். "பன்னெண்டு நானூறு, சரிம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் பணத்தைத் தொடுகிறார்கள்.

ஓட்டுவதற்குக் கொஞ்சம் கைப்பழக்கம் வேண்டும். ரப்பர் பேண்டை எடுத்துவிட்டு, மடிந்த மூலைகளை நீவி, கட்டை விசிறி போல லேசாக விரித்து மேல் தட்டில் சாய்த்து வைக்கவேண்டும். ஸ்டேப்ளர் பின் ஒன்றுகூட இருக்கக்கூடாது. நோட்டில் பின் அடிக்காதீர்கள் என்று ரிசர்வ் வங்கி வெகுகாலமாகச் சொல்லிவருகிறது. இன்னும் பின் அடித்து வருகிறது. அது ரப்பர் உருளையைக் கீறிவிடும். எங்கள் இடத்தில் கூடுதல் தொல்லை ஈரம். தக்காளி பொறுக்கிய கையோடு எண்ணிய நோட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு தாள் சேர்ந்து போனால் மெஷின் நின்று கத்தும். பழைய மெஷின் இதைப் பல தடவை கவனிக்காமல் ஒன்றாக எண்ணிவிடும். புதியது பிடித்துவிடுகிறது. ஆனால் ஈரம் அதிகமானால் ஒரே கட்டுக்கு நாலைந்து முறை நிற்கும். மழைக்காலக் காலையில் பொறுமை வேண்டும். ஈர நோட்டை ஃபேன் காற்றில் கொஞ்சம் பரப்பிவிட்டு ஓட்டுவதே நல்லது.

அடுத்தது பழைய நூறு, புது நூறு. இரண்டும் செல்லும். பழைய நீல நூறு 157க்கு 73 மில்லிமீட்டர். 2018இல் வந்த ஊதா நூறு 142க்கு 66. இரண்டையும் கலந்து வைத்தால் சின்னத் தாள் உள்ளே சாய்ந்து சிக்கும். பக்கக் கம்பியை அந்தந்தத் தாளின் அளவுக்குத் தள்ளி, இரண்டையும் தனித்தனியாக ஓட்டினால் சிக்கல் இல்லை. மெஷினைவிட மனிதருக்குத்தான் இதில் கஷ்டம். "பழைய நோட்டு வேண்டாம்மா, மாத்திக் குடு" என்பார்கள். 2016 நவம்பர் 8 ராத்திரிக்குப் பிறகு எங்கள் ஊரில் பழைய நோட்டு என்றால் செத்த நோட்டு என்றே அர்த்தமாகிவிட்டது. அன்று செல்லாமல் போனது ஐந்நூறும் ஆயிரமும் மட்டும். நூறும் அதற்குக் கீழே இருந்தவையும் பழைய வடிவத்திலேயே இன்னும் செல்லுபடியாகும். நான் எடுத்துச் சொன்னால் சிலர் கேட்டுக்கொள்வார்கள். சொன்னால் போதாது, அந்த நீல நூறை மெஷின் கத்தாமல் எண்ணி, திரையில் நூறு கூடுவதைக் கண்ணால் பார்க்கும்போது மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

"புது நோட்டு" என்பதும் அப்படியே. கல்யாணத்துக்கு மொய் வைக்கப் புது நோட்டு கேட்கிறவர் மடிப்பு விழாத, சலசலக்கிற நோட்டைக் கேட்கிறார். வியாபாரி புது நோட்டு என்று சொல்வது புது வடிவத்தை. ஊதா நூறு கசங்கிக் கந்தலாக இருந்தாலும் அவருக்கு அது புது நோட்டு.

எனக்கு உள்ள பெரிய குறை, மெஷினின் சத்தம். ஏதாவது ஒரு தாளில் சந்தேகம் வந்தால் ஒரே மாதிரிதான் கத்தும். செலோடேப் ஒட்டியிருந்தாலும், மஞ்சள் கறை இருந்தாலும், பேனாவால் கணக்கு எழுதியிருந்தாலும், மூலை மடிந்திருந்தாலும், உண்மையிலேயே போலியாக இருந்தாலும் அதே சத்தம். உள்ளே புற ஊதா, அகச்சிவப்பு, காந்தம் என்று மூன்று வகைச் சோதனை இருக்கிறது. எதில் தடுமாறியது என்று ஒரு எண் குறியீடு வரும், அதைப் புத்தகத்தில் பார்த்தால் தெரியும். ஆனால் வரிசையில் நிற்கிறவர்கள் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. சத்தம் கேட்டதும், "செல்லாத நோட்டு மாட்டிக்கிச்சு" என்று ஒருத்தர் சொல்லிவிடுவார். நம் பேச்சில் செல்லாது என்றால் அரசு நிறுத்தியதும் அதுதான், கிழிந்ததும் அதுதான், கள்ள நோட்டும் அதுதான். மூன்றுக்கும் செய்யவேண்டியது வேறு வேறு. கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்கவேண்டும், பத்துப் பேர் நடுவில் திருடன் என்று சொன்ன மாதிரி நின்றுவிடுவார்.

நான் செய்வது இது. மெஷின் தள்ளிய தாளை உடனே கையில் எடுத்து, "டேப்பு ஒட்டியிருக்குங்கண்ணா, அதான் கத்துது" என்று சத்தமாகக் காரணத்தைச் சொல்லிவிடுவேன். காரணம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் வெளிச்சத்தில் பார்ப்பேன். ஐந்நூறில் இரண்டு ஓரத்திலும் ஐந்து சாய்ந்த கோடுகள் விரலுக்குத் தட்டுப்படவேண்டும். புது நூறில் நான்கு கோடு. இருநூறில் நான்கு கோடும் நடுவே இரண்டு வட்டமும். இவை கண் தெரியாதவர்கள் தடவிப் பார்ப்பதற்காகவே மேடாக அச்சடிக்கப்பட்டவை. போலியில் பெரும்பாலும் வழவழவென்று இருக்கும். தாளைச் சாய்த்தால் நடுவில் ஓடுகிற இழை பச்சையிலிருந்து நீலமாக மாறவேண்டும். பின்பக்கம் பதினைந்து மொழிகளில் மதிப்பு எழுதியிருக்கும் பட்டையில் தமிழ் பதின்மூன்றாவது வரி. 'ஐந்நூறு ரூபாய்' என்று இருக்கும், அந்தச் சின்ன எழுத்து திட்டுத்திட்டாக இல்லாமல் தெளிவாக இருக்கவேண்டும். இத்தனையும் சரியாக இருந்தால் அது அழுக்கு நோட்டு, அவ்வளவே.

கிழிந்த நோட்டை வாங்கவே மாட்டோம் என்று சொல்கிற கல்லா நிறைய. நாங்கள் வாங்கிவிடுகிறோம், வங்கியில் மாற்றலாம். இருபது ரூபாய் வரைக்குமான நோட்டில் பாதிக்கு மேல் ஒரே துண்டாக இருந்தால் முழு மதிப்பும் தரவேண்டும். ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் எண்பது சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம், நாற்பதிலிருந்து எண்பது வரை என்றால் பாதிப் பணம். 2018இல் திருத்திய விதி இது. கள்ள நோட்டு என்று வங்கியில் முடிவானால் திருப்பித் தரமாட்டார்கள், முத்திரை குத்தி வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள், பணம் கிடைக்காது. ஒரே தடவையில் நான்கு தாள் வரை இருந்தால் மாதக் கடைசியில் மொத்தமாகப் போலீசுக்குத் தெரிவிப்பார்கள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் எஃப்.ஐ.ஆர். அதனால் நாள் முழுக்கச் சேர்கிற பணத்தை வங்கிக்கு அனுப்புவதற்கு முன் ஒரு தடவை மெஷினில் ஓட்டிவிடுவது மண்டிக்குப் பாதுகாப்பு.

ரோஸ் நோட்டு, அதாவது இரண்டாயிரம், எப்போதாவது ஒரு பாட்டியின் சுருக்குப்பையிலிருந்து வரும். மெஷின் அதை எண்ணும். 2023 மே 19இல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தார்களே தவிர, சட்டப்படி அது செல்லாத நோட்டு இல்லை. ஆனால் சாதாரண வங்கிக் கிளையில் மாற்றுவது அந்த வருடம் அக்டோபர் 7ஆம் தேதியோடு முடிந்தது. இப்போது ரிசர்வ் வங்கியின் வெளியீட்டு அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும். நமக்குச் சென்னையைவிடப் பெங்களூரு பக்கம். போகமுடியாதவர்கள் தபாலில் அனுப்பிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம்.

சில்லறை விஷயத்தில் மெஷின் உதவாது. "சில்லறையா குடும்மா" என்று எங்களிடம் கேட்பவர் நாணயம் கேட்பதில்லை. கூலி ஆட்களுக்குப் பிரித்துக் கொடுக்க நூறும் ஐம்பதும் வேண்டும் என்கிறார். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை என்றால் நாணயமும் பத்து ரூபாயும். "ஆயிரத்துச் சில்லறை" என்றால் ஆயிரத்துக்கு மேல் கொஞ்சம். "ஆயிரத்துக்குச் சில்லறை" என்றால் ஆயிரத்தை உடைக்கவேண்டும். பத்து ரூபாய் நாணயத்தை வாங்கவே மாட்டேன் என்கிற ஆட்களும் இன்னும் இருக்கிறார்கள். 2018 தொடக்கம் வரை அதில் பதினான்கு வடிவங்கள் வந்திருந்தன, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி அப்போதே அறிவித்துவிட்டது. இதையும் நான்தான் வாயால் சொல்லிக்கொண்டிருக்கவேண்டும். நைந்துபோன பத்து ரூபாய்த் தாள்களை மெஷின் பாதிக்குப் பாதி தள்ளிவிடுகிறது. அவற்றைக் கையால் எண்ணுவதே சீக்கிரம் முடிகிறது.

வட்டிப் பேச்சிலும் ரூபாய் வேறு ரூபாய்தான். "ரெண்டு ரூபா வட்டி" என்றால் நூறுக்கு மாதம் இரண்டு, வருடத்துக்கு இருபத்துநான்கு சதவீதம். நிலத் தரகர்கள் ஒரு ரூபாய் என்றால் ஒரு லட்சம். அதற்கெல்லாம் மெஷின் கிடையாது, எழுதி வாங்குவது ஒன்றே வழி.

மெஷின் வந்தபின் எங்கள் மண்டியில் பேசுகிற விதமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. நானே போனில் "ஐநூறு ரூபாத் தாளு இருபது, மொத்தம் பத்தாயிரம்" என்று மதிப்பு, எண்ணிக்கை, மொத்தம் மூன்றையும் சொல்லப் பழகினேன். சீட்டிலும் அப்படியே எழுதுகிறேன். டிரைவர்களில் இரண்டு பேர் இப்போது அதே மாதிரி சொல்கிறார்கள். கட்டு என்ற சொல்லை மட்டும் யாரும் விடுவதாக இல்லை. "எந்தக் கட்டுங்கண்ணா, நூறு தாளா, பத்தாயிரமா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுவிடுகிறேன்.

இந்த மெஷினில் பேசுகிற குரலும் இருக்கிறது, ஆங்கிலத்தில். நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். "ஐந்நூறு ரூபாய்த் தாள் இருபது, நூறு ரூபாய்த் தாள் இருபத்துநான்கு, மொத்தம் பன்னிரண்டாயிரத்து நானூறு" என்று தமிழில் சொல்கிற மெஷினை யாராவது செய்தால், கண் மங்கிய பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. தயாரிப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து செய்யுங்கள்.

விலை, பராமரிப்பு பற்றிச் சுருக்கமாக. நாங்கள் கொடுத்தது பதினாலாயிரம், ஒரு வருட வாரண்டியோடு. சாதாரண மெஷின் இதில் பாதிக்குக் கிடைக்கும். தினமும் சாயங்காலம் மேல் மூடியைத் திறந்து, கூட வந்த பிரஷால் நோட்டுத் தூசியைத் துடைக்கவேண்டும். கண்ணாடி மாதிரி இருக்கிற சென்சாரை உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்கவேண்டும். துடைக்காமல் விட்டால் நல்ல நோட்டுக்கும் கத்தத் தொடங்கும். மின்சாரம் நின்றால் பாதி எண்ணியது அழிந்துவிடுகிறது, சின்ன யு.பி.எஸ். ஒன்று அவசியம்.

வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கட்டாயம் கேளுங்கள். புது வடிவ நோட்டு வந்தால் சாஃப்ட்வேர் மாற்றித் தருவீர்களா, அதற்குக் காசு உண்டா? 2016இல் நோட்டின் அளவு மாறியபோது நாடு முழுக்க ஏ.டி.எம்.களையே திருத்தவேண்டி வந்தது, இந்தச் சின்ன மெஷினுக்கும் அதே கதிதான். இரண்டாவது, சர்வீஸ் ஆள் ஓசூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ எத்தனை நாளில் வருவார்? அப்புறம், கடையில் டெமோவுக்கு வைத்திருக்கிற மொறுமொறு நோட்டை நம்பாதீர்கள். உங்கள் கல்லாவிலிருந்து கசங்கிய பத்து, நீல நூறு, டேப் ஒட்டிய ஐம்பது, இரண்டு ஐந்நூறு எல்லாவற்றையும் கலந்து எடுத்துப்போய் ஓட்டச் சொல்லுங்கள். வெளித்திரை கட்டாயம் வேண்டும் என்று சொல்லி, அதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். சில இடங்களில் அதைத் தனி விலைக்கு விற்கிறார்கள்.